என்ஜினைப் பிரிக்கும் முன் கேள்வி கேளுங்கள்



நம் குழுக்கள் ஆரம்பித்த காலத்தில் கடன் கேட்டு வந்தவை பெரும்பாலும் கறவை மாடு, பெட்டிக்கடை, தையல் மெஷின். இப்போது வாடகைக் கார், லோடு வண்டி என்று கேட்கிறோம். நல்ல வளர்ச்சிதான். ஆனால் ஒரு வித்தியாசத்தைப் பலரும் கவனிப்பதில்லை. இன்சூரன்ஸ் செய்த மாடு செத்துப்போனால் இழப்பீடு கேட்கலாம். இன்சூரன்ஸ் உள்ள காரின் என்ஜின் தேய்ந்தோ, பழுதாகியோ நின்றுபோனால் அந்த இன்சூரன்ஸில் காசு வராது. அது விபத்து, திருட்டு, தீ, வெள்ளம் போன்றவற்றுக்குத்தான்.

அப்படியானால் என்ஜினுக்கு யார் பொறுப்பு? கம்பெனி கொடுத்த வாரண்டி காலம் வரை கம்பெனி. அதற்குப் பிறகு நாம். வாரண்டி என்பது இத்தனை வருடம் அல்லது இத்தனை கிலோமீட்டர், இரண்டில் எது முதலில் முடிகிறதோ அதுவரைதான். வீட்டுக் கார் வருடக் கணக்கில் முடியும். வாடகைக் கார் தினமும் ஓடுவதால் கிலோமீட்டர் கணக்கில் சீக்கிரமே முடிந்துவிடும். கடன் தவணையோ ஐந்து வருடம் ஓடும். வாரண்டி முடிந்து, தவணை முடியாமல் இருக்கிற அந்த நடுக் காலத்தில்தான் குடும்பங்கள் தடுமாறுகின்றன. வண்டி ஓடாது, வருமானம் இல்லை, தவணை மட்டும் மாதாமாதம் வந்து நிற்கும்.

அப்படி நிற்கும்போது நம் பெண்கள் முதலில் செய்வது என்ன? நகையை எடுத்துக்கொண்டு அடகுக்கடைக்குப் போவது. அது கடைசியாகச் செய்ய வேண்டிய வேலை. பணம் மிச்சமாவதும் வீணாவதும் என்ஜினைப் பிரிப்பதற்கு முந்தைய இரண்டு மூன்று நாட்களில்தான் முடிவாகிறது. அந்த நாட்களில் என்ன செய்ய வேண்டும் என்பதைப் பார்ப்போம்.

வண்டி நின்றவுடன்

சிவப்பு நிறத்தில் ஆயில் விளக்கு எரிந்தால் அந்த இடத்திலேயே ஓரம் கட்டி என்ஜினை அணைக்க வேண்டும். "அடுத்த ஊர் வரைக்கும் ஓட்டிடலாம்" என்ற பேச்சே கூடாது. என்ஜினுக்குள் சுழலும் கிராங்க் ஷாஃப்ட், பேரிங் எல்லாம் ஆயில் படலத்தின் மேல்தான் ஓடுகின்றன. ஆயில் அழுத்தம் இல்லாமல் சில நிமிடம் ஓடினாலே இரும்போடு இரும்பு உரசி, சிறிய செலவு பெரிய செலவாகிவிடும்.

வெப்பம் காட்டும் முள் மேலே ஏறினாலும் அப்படித்தான். நிறுத்துங்கள். சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறக்காதீர்கள், கொதிநீர் முகத்தில் அடிக்கும். சூடான என்ஜின் மேல் பச்சைத் தண்ணீர் ஊற்றவும் கூடாது.

வெள்ளத்தில் மூழ்கிய வண்டியை ஸ்டார்ட் செய்து பார்க்கவே கூடாது. காற்றை அழுத்தலாம், தண்ணீரை அழுத்த முடியாது. சிலிண்டருக்குள் தண்ணீர் இருக்கும்போது சாவியைத் திருப்பினால் உள்ளே கனெக்டிங் ராடு வளைந்துவிடும். 2015 டிசம்பர் சென்னை வெள்ளத்தில் மூழ்கிய கார்கள் பலவற்றில் இந்தப் பிரச்சினை வந்தது. இதில் இன்சூரன்ஸ் சிக்கலும் உண்டு. வெள்ளச் சேதம் சாதாரண முழு பாலிசியில் அடங்கும். ஆனால் தண்ணீர் புகுந்த பிறகு ஸ்டார்ட் செய்ததால் என்ஜின் கெட்டது என்றால் இன்சூரன்ஸ்காரர்கள் மறுப்பார்கள். அதற்கு "என்ஜின் பாதுகாப்பு" என்ற கூடுதல் பிரிவைத் தனியாகப் பிரீமியம் கட்டி எடுத்திருக்க வேண்டும். உங்கள் பாலிசியில் அது இருக்கிறதா என்று இன்றே எடுத்துப் பாருங்கள்.

மெக்கானிக் சொல்வதைப் புரிந்துகொள்ள

"ஹெட் இறக்கணும்", "போர் பண்ணணும்", "ஃபுல் என்ஜின் வேலை" என்று சொல்வார்கள். மூன்றும் ஒன்றல்ல. ஹெட் இறக்குவது என்றால் என்ஜினின் மேல் பாகத்தை மட்டும் கழற்றுவது. அங்கே இருக்கும் கேஸ்கட், வால்வு ஆகியவற்றைச் சரி செய்யலாம். போர் பண்ணுவது என்றால் தேய்ந்த சிலிண்டரை லேத்தில் கொடுத்துக் கடைந்து, அதற்கேற்ற பெரிய பிஸ்டன் போடுவது. ஃபுல் என்ஜின் வேலை என்றால் கிராங்க் ஷாஃப்ட், பேரிங் வரை எல்லாம் கழலும். செலவு படிப்படியாக ஏறும்.

எது தேவை என்பதற்கு வண்டியே சில அடையாளங்களைக் காட்டும்.

1. நீல நிறப் புகை: என்ஜின் ஆயில் எரிகிறது. பிஸ்டன் ரிங் தேய்மானம் அல்லது வால்வு சீல் பழுது. வால்வு சீல் மட்டும் என்றால் செலவு குறைவு.

2. நிற்காமல் வரும் அடர்ந்த வெள்ளைப் புகை, கூலன்ட் தண்ணீர் குறைந்துகொண்டே போவது: ஹெட் கேஸ்கட் போயிருக்கலாம். ஆயில் குச்சியை எடுத்துப் பார்த்தால் ஆயில் பால் கலந்த காபி நிறத்தில் இருந்தால் தண்ணீர் கலந்துவிட்டது என்று அர்த்தம்.

3. கருப்புப் புகை: எரிபொருள் அதிகமாகப் போகிறது. ஏர் ஃபில்டர் அடைப்பு, இன்ஜெக்டர் கோளாறு போன்றவை. இதற்கெல்லாம் உடனே என்ஜினைப் பிரிக்க வேண்டியதில்லை.

4. உள்ளிருந்து "டக் டக்" என்று கனமான தட்டல் சத்தம்: பேரிங் போயிருக்கலாம். இது பெரிய வேலை.

5. ஓடிக்கொண்டிருந்த வண்டி பட்டென்று நின்று, மறுபடி ஸ்டார்ட் ஆகவே இல்லை: டைமிங் பெல்ட் உள்ள வண்டி என்றால் பெல்ட் அறுந்திருக்கலாம். பல என்ஜின்களில் பெல்ட் அறுந்தால் பிஸ்டன் வால்வில் இடித்து வால்வு வளைந்துவிடும். அதனால்தான் குறிப்பிட்ட கிலோமீட்டரில் பெல்ட்டை மாற்றச் சொல்கிறார்கள்.

இதெல்லாம் அடையாளம்தான், முடிவு இல்லை. உறுதி செய்ய என்ஜினைப் பிரிக்காமலே செய்கிற சோதனைகள் உண்டு. ஒவ்வொரு சிலிண்டரிலும் அழுத்தம் எவ்வளவு என்று பார்க்கும் கம்ப்ரஷன் டெஸ்ட், வண்டியின் கம்ப்யூட்டரில் பதிவான கோளாறைப் படிக்கும் ஸ்கேனர், வெளியே எடுத்த ஆயிலில் உலோகத் துகள் இருக்கிறதா என்று பார்ப்பது. பெரிய வேலைக்கு ஆகும் செலவோடு ஒப்பிட்டால் இவற்றுக்கு ஆவது கொஞ்சம்தான்.

நம் கூட்டமைப்பில் ஒரு உறுப்பினரின் வாடகைக் கார் அடிக்கடி சூடாகி நின்றது. பட்டறையில் "ஃபுல் என்ஜின் வேலை, 85,000 ஆகும்" என்றார்கள். அந்தச் சகோதரி, "அண்ணே, பிரிக்கிறதுக்கு முன்னாடி கம்ப்ரஷன் பார்த்து எழுதிக் கொடுங்க" என்று கேட்டார். அவர்கள் தயங்கினார்கள். வண்டியை வேறு இடத்துக்குக் கட்டி இழுத்துப் போனார். அங்கே பார்த்ததில் இரண்டு சிலிண்டருக்கு நடுவில் ஹெட் கேஸ்கட் போயிருந்தது, காரணம் ஒழுகிய வாட்டர் பம்ப். ஹெட்டை லேத்தில் சமன் செய்து, கேஸ்கட், பம்ப் மாற்றி 22,000 ரூபாயில் வேலை முடிந்தது. அவர் மெக்கானிக் வேலை படித்தவர் இல்லை. ஒரு கேள்வி கேட்டார், அவ்வளவுதான்.

பிரிக்கும் முன் ஐந்து விஷயம்

ஒன்று, கோளாறு என்ன, அதற்குக் காரணம் என்ன என்று எழுத்தில் வாங்குங்கள். "என்ஜின் போச்சு" என்பது காரணம் இல்லை. கேஸ்கட் போனது என்றால் ஏன் போனது என்று தெரிய வேண்டும். காரணத்தைச் சரி செய்யாமல் விட்டால் புது கேஸ்கட்டும் போகும்.

இரண்டு, எஸ்டிமேட் வாங்குங்கள். ஸ்பேர் எவ்வளவு, லேபர் எவ்வளவு, லேத் வேலை எவ்வளவு என்று தனித்தனியாக இருக்க வேண்டும். பிரித்த பிறகு கூடுதல் செலவு வந்தால் உங்களைக் கேட்காமல் செய்யக் கூடாது என்றும் அதில் எழுதச் சொல்லுங்கள்.

மூன்று, பிரித்த பிறகு அங்கே வேலை வேண்டாம் என்று நீங்கள் முடிவெடுத்தால் பிரித்ததற்கு எவ்வளவு கேட்பார்கள் என்பதை முதலிலேயே பேசுங்கள். இதைப் பேசாததால்தான் பலர் பிரித்த வண்டியை எடுக்கவும் முடியாமல், விடவும் முடியாமல் மாட்டிக்கொள்கிறார்கள்.

நான்கு, கழற்றிய பழைய பாகம் எல்லாம் எனக்கு வேண்டும் என்று சொல்லுங்கள். போட்டோ எடுத்து வையுங்கள்.

ஐந்து, செய்த வேலைக்கும் போட்ட ஸ்பேருக்கும் எத்தனை மாதம் பொறுப்பு என்று பில்லில் எழுதி வாங்குங்கள். வண்டியின் வாரண்டி முடிந்திருந்தாலும் புதிதாகப் போட்ட பாகத்துக்குத் தனி வாரண்டி கிடைக்கும். பில் இல்லாமல் அது இல்லை.

வாரண்டி முடிந்தாலும் மூடாத கதவுகள்

முதல் கதவு ரீகால். ஒரே மாதிரி வண்டிகளில் தயாரிப்பிலேயே குறை இருப்பது தெரியவந்தால் கம்பெனி அவற்றைத் திரும்ப அழைத்து இலவசமாகச் சரிசெய்து தரும். உதாரணமாக, 2020 ஜூலையில் மாருதி நிறுவனம் வேகன்ஆர், பலேனோ கார்களில் 1,34,885 வண்டிகளை எரிபொருள் பம்ப் குறைபாட்டுக்காகத் திரும்ப அழைத்தது. 2019-ல் மோட்டார் வாகனச் சட்டத்தில் 110ஏ என்ற பிரிவு சேர்க்கப்பட்டது. குறையுள்ள வண்டிகளைத் திரும்ப அழைக்கும்படி மத்திய அரசே கம்பெனிக்கு உத்தரவிட அது இடம் தருகிறது. உங்கள் ஆர்.சி.யில் உள்ள சேஸிஸ் எண்ணைக் கம்பெனியின் இணையப் பக்கத்திலோ, சர்வீஸ் சென்டரிலோ கொடுத்து, "இந்த வண்டிக்கு ரீகால் ஏதாவது இருக்கா?" என்று கேளுங்கள். இதற்குச் செலவில்லை.

இரண்டாவது கதவு, கம்பெனியிடம் நேரடியாகக் கேட்பது. வாரண்டி முடிந்து கொஞ்ச நாள்தான் ஆகிறது, சர்வீஸ் எல்லாம் ஒழுங்காகச் செய்திருக்கிறோம் என்றால், ஸ்பேர் விலையில் ஒரு பங்கைக் கம்பெனி ஏற்றுக்கொள்வது உண்டு. இது சட்டக் கட்டாயம் இல்லை. கேட்டால் கிடைக்கலாம், கேட்காவிட்டால் நிச்சயமாகக் கிடைக்காது. டீலரிடம் வாயால் கேட்டு நிறுத்தாமல், கம்பெனியின் வாடிக்கையாளர் பிரிவுக்கு எழுத்தில் அனுப்புங்கள். சர்வீஸ் பில் நகல்களையும் இணையுங்கள்.

மூன்றாவது கதவு, நுகர்வோர் ஆணையம். வாரண்டி முடிந்துவிட்டது என்ற ஒரே காரணத்தால் தயாரிப்புக் குறை பற்றிக் கேட்கும் உரிமை போய்விடாது. ஆனால் அது தேய்மானம் இல்லை, தயாரிப்புக் குறைதான் என்று நாம் காட்ட வேண்டும். இதே கோளாறை வாரண்டி காலத்திலேயே நீங்கள் சொல்லியிருந்து, அது ஜாப் கார்டில் பதிவாகியிருந்தால் அதுதான் உங்கள் பெரிய பலம். அதனால் ஒவ்வொரு சர்வீஸிலும் நீங்கள் சொல்லும் குறையை ஜாப் கார்டில் எழுதச் சொல்லி, நகல் வாங்கிப் பத்திரப்படுத்துங்கள்.

இங்கேதான் பிரிப்பதற்கு முந்தைய நாட்கள் முக்கியமாகின்றன. வேறொரு ஊரில் ஒரு குடும்பம் என்ஜினைப் பிரித்து, வேலையை முடித்து, பழைய பிஸ்டனையும் பேரிங்கையும் காயலான் கடையில் போட்ட பிறகுதான் புகார் கொடுக்க வந்தார்கள். குறை இருந்ததோ இல்லையோ, காட்டுவதற்குக் கையில் ஒன்றுமில்லை. தயாரிப்புக் குறை என்ற சந்தேகம் இருந்தால், பிரிக்கும் முன்பே டீலருக்கும் கம்பெனிக்கும் பதிவுத் தபாலில் கடிதம் போடுங்கள். "இந்தத் தேதியில் இந்த இடத்தில் என்ஜினைப் பிரிக்கப் போகிறோம், உங்கள் ஆளை அனுப்பிப் பாருங்கள்" என்று எழுதினால் போதும்.

ஆணையத்துக்குப் போவது எப்படி?

முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பேசுங்கள். கட்டணம் இல்லை. பல புகார்கள் இந்த நிலையிலேயே பேசித் தீர்கின்றன. தீரவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-ன்படி நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம். கம்பெனி இருக்கும் ஊருக்கு அலைய வேண்டியதில்லை. பொருளுக்குக் கொடுத்த விலை 50 லட்சம் வரை மாவட்ட ஆணையமே விசாரிக்கும். விலை 5 லட்சம் வரை என்றால் புகார்க் கட்டணம் இல்லை, அதற்கு மேல் 10 லட்சம் வரை 200 ரூபாய். பிரச்சினை எழுந்ததிலிருந்து 2 வருடத்துக்குள் புகார் செய்ய வேண்டும். குறையைச் சோதனை செய்து பார்க்க வேண்டும் என்றால் ஆணையமே பொருளைத் தகுந்த ஆய்வகத்துக்கு அனுப்பலாம்.

"வாடகைக் கார்தானே, வியாபாரம்னு தள்ளிடுவாங்களா?" என்று சகோதரிகள் கேட்பதுண்டு. நியாயமான கேள்வி. வியாபாரத்துக்காக வாங்கியவர் நுகர்வோர் ஆகமாட்டார். ஆனால் சுயதொழில் செய்து பிழைப்பதற்காகவே வாங்கியிருந்தால் அவர் நுகர்வோர்தான் என்று சட்டமே சொல்கிறது. 1995-ல் உச்சநீதிமன்றம், கோவையைச் சேர்ந்த ஒரு இயந்திரத் தயாரிப்பு நிறுவனம் சம்பந்தப்பட்ட வழக்கில், இதை விளக்கியது. ஆட்டோ வாங்கித் தானே ஓட்டிப் பிழைப்பவர் நுகர்வோர், உதவிக்கு ஓரிருவர் இருப்பதால் மட்டும் அந்த உரிமை போகாது, முழுக்க வேறொருவரை வைத்தே ஓட்டுபவர் நுகர்வோர் ஆகமாட்டார் என்றது. அதனால் புகாரில் "இந்த வண்டிதான் எங்கள் பிழைப்பு" என்பதைத் தெளிவாக எழுத வேண்டும். வண்டியை யார் ஓட்டுகிறார், ஆர்.சி. யார் பெயரில் என்பதையும் மறைக்காமல் எழுதுங்கள்.

இன்னொன்று, கேட்பதை அளவாகக் கேளுங்கள். ஒரு பாகத்தில் குறை என்றால் அந்தப் பாகத்தை மாற்றித் தருவதே முறை, முழுக் காரையும் மாற்றித் தர வேண்டியதில்லை என்று 2006-ல் ஒரு வழக்கில் உச்சநீதிமன்றம் சொல்லியிருக்கிறது. என்ஜின் செலவும், வண்டி நின்ற நாட்களின் வருமான இழப்பும் கேட்பது நடைமுறைக்கு ஒத்துவரும்.

வக்கீல் வைக்க வசதி இல்லையே என்று கவலைப்பட வேண்டாம். பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு. மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் உள்ள மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் மனு கொடுக்கலாம், அல்லது 15100 என்ற எண்ணில் பேசலாம். வண்டி வாங்கும்போது ஆர்.சி.யைப் பெண்ணின் பெயரிலும் பதியலாமே என்று நாம் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

செலவு செய்யலாமா, விற்கலாமா?

எந்தக் கதவும் திறக்கவில்லை, செலவு நம் தலையில்தான் என்றால், ஒரு தாளில் மூன்று தொகையை எழுதுங்கள். இப்போது இருக்கிற நிலையில் விற்றால் எவ்வளவு? வேலை செய்ய எவ்வளவு? வேலை செய்த பிறகு விற்றால் எவ்வளவு?

உதாரணத்துக்கு, இப்படியே விற்றால் 1,10,000. வேலை செய்தால் 2,40,000-க்குப் போகும். வேலைச் செலவு 80,000 என்றால் கையில் நிற்பது 1,60,000. செலவு செய்யலாம். அதே வேலைக்கு 1,40,000 ஆகும் என்றால் கையில் நிற்பது 1,00,000தான். இப்படியே விற்பதே மேல். வண்டி தரும் மாத வருமானத்தையும், வேலை நடக்கும் நாட்களில் கட்ட வேண்டிய தவணையையும் சேர்த்துப் பார்த்து முடிவெடுங்கள். தவணை பாக்கி இருந்தால் ஃபைனான்ஸ் கம்பெனியின் தடையில்லாச் சான்று இல்லாமல் விற்று ஆர்.சி.யை மாற்ற முடியாது.

பழைய என்ஜின் வாங்கி மாற்றலாம் என்றும் சொல்வார்கள். செலவு குறையலாம். ஆனால் விற்பவரின் பில்லும் அந்த என்ஜின் வந்த வண்டியின் ஆவணமும் இல்லாமல் வாங்காதீர்கள். திருட்டு வண்டி என்ஜினாக இருந்தால் போலீஸ் நம் வீட்டுக்குத்தான் வரும். மாற்றிய என்ஜின் எண்ணை வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் ஆர்.சி.யில் பதிந்து, இன்சூரன்ஸுக்கும் தெரிவிக்க வேண்டும்.

கடன் வாங்கித்தான் ஆக வேண்டும் என்றால்

60,000 ரூபாயை மாதம் 5,000 வீதம் 12 மாதத்தில் அடைப்பதாக வைத்துக்கொள்வோம். குழுவில் மாதம் 1 சதவீதம் என்றால், குறையும் அசலுக்கு மொத்த வட்டி 3,900 ரூபாய். வெளியே மாதம் 5 சதவீதத்துக்கு வாங்கினால் அதுவே 19,500. எங்கே முதலில் கேட்க வேண்டும் என்பதை இந்தக் கணக்கே சொல்லிவிடும். குழுவும் எஸ்டிமேட்டையும் சோதனைச் சீட்டையும் பார்த்து, தீர்மானப் புத்தகத்தில் எழுதிக் கடன் கொடுக்கட்டும். பட்டறைக்கு முழுப் பணத்தையும் முன்பணமாகக் கொடுக்காமல், வேலை நடக்க நடக்கக் கொடுங்கள். தவணை தவறும் என்று தெரிந்தால், தவறுவதற்கு முன்பே ஃபைனான்ஸ் கம்பெனிக்கு எழுத்தில் தெரிவித்து அவகாசம் கேளுங்கள்.

வாரம் தவறாமல் சேமிப்பும் வட்டியும் கணக்கெழுதுகிற கைகள் நம் கைகள். வண்டிக்கும் ஒரு நோட்டுப் போடுவது நமக்குப் பெரிய வேலையில்லை. ஆயில் மாற்றிய தேதி, கிலோமீட்டர், கூலன்ட் ஊற்றிய நாள், சொன்ன குறை, கொடுத்த பணம் இவ்வளவும் அதில் இருக்கட்டும். வண்டிக் கடன் உள்ள குழுக்கள் அடுத்த கூட்டத்துக்கு ஆர்.சி., இன்சூரன்ஸ் பாலிசி, வாரண்டிப் புத்தகம், சர்வீஸ் பில்கள் நான்கையும் எடுத்து வாருங்கள். ஊக்குநர் ஒவ்வொன்றாகப் படித்துக் காட்ட, யார் வண்டிக்கு எது எப்போது முடிகிறது என்று எல்லோரும் குறித்துக்கொள்ளலாம்.